முதலில் எது வெளியே வரும்?

கேரவனுக்குள், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீட்டுக்குள், சாமான் அடுக்குவது எப்படி என்று தேடினால் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ எடுத்தவை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரே அளவில் கூடைகள், ஒரே நிறத்தில் மூடிகள், மசாலாப் போத்தல்களைச் சுவரில் ஒட்டி நிறுத்தக் காந்தம், கதவுக்குப் பின்னால் தொங்கும் செருப்புப் பைகள். பார்த்து முடித்த கையோடு கடைக்குப் போய் இருபது கூடை வாங்கிவிடலாம் என்று தோன்றும். அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கூடை வாங்குவது கடைசி வேலை.

நான் மலேசியாவில் கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் பல வருடம் வேலை பார்த்தவன். கொள்கலனில் சரக்கு ஏற்றுவதும் கடைகளுக்குப் போகும் லோரிகளில் பெட்டி அடுக்குவதும்தான் பிழைப்பு. வீடு செந்தூலில். கேரவன் என்னுடையது இல்லை, மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். ரவாங்கில் அவர் வீட்டோரம் நிற்கிறது. பிரிட்டனில் செய்த பழைய வண்டி. அங்கேயும் நம்மைப் போல் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் கதவு இடது பக்கம் இருக்கிறது, இறங்கினால் சாலையோரத்தில் கால் வைக்கலாம். அமெரிக்க வண்டிகளில் கதவு வலப்பக்கம். இங்கே சாலையோரம் நிறுத்தினால் போகிற வரும் கார்களின் நடுவில்தான் இறங்க வேண்டும். மச்சான் அதை ஹைலக்ஸ் பிக்அப்பில் மாட்டி இழுப்பார். வண்டி அவர் பொறுப்பு, அடுக்குவது என் பொறுப்பு. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று எழுதினால் குடும்பத்தில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், விட்டுவிடுவோம்.

வீட்டில் நாம் இனம் பார்த்து அடுக்குகிறோம். சமையல் சாமான் சமையலறையில், துணி அலமாரியில், சுத்தியலும் திருப்புளியும் ஸ்டோர் ரூமில். வீடு நகராது, எந்தக் கதவையும் எந்த நேரத்திலும் திறக்கலாம், அதனால் அது சரிப்பட்டு வருகிறது. கேரவனில் அப்படி இல்லை. ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, ஒன்றையும் எடுக்க முடியாது. நின்றதும் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். பெரும்பாலும் மழையும் பிடித்துக்கொள்ளும். கிடங்கில் ஒரு லோரி ஐந்து கடைக்குப் போகிறதென்றால் பிஸ்கட்டோடு பிஸ்கட், எண்ணெயோடு எண்ணெய் என்று சேர்க்க மாட்டோம். கடைசிக் கடையின் சரக்கு முதலில் ஏறும், முதல் கடையின் சரக்கு கதவோரம் நிற்கும். கேரவனுக்கும் அதே கணக்குதான். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது எந்த இனம் என்று பார்க்காதீர்கள். இது எப்போது வேண்டும், இது எத்தனை கிலோ, அந்த இரண்டு கேள்வி போதும்.

இறங்கியதும் என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை. நான்கு மூலையிலும் ஊன்றுகாலை இறக்குகிற கைப்பிடி. தரை சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் போடப் பலகை, மட்டம் பார்க்கிற கருவி, கையுறை, டார்ச்லைட். இத்தனையும் ஒரே பெட்டியில், கதவைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இனம் பார்த்து அடுக்குகிறவர் டார்ச்லைட்டை மின்சாரச் சாமான் பெட்டியிலும், கையுறையைத் துணிப் பெட்டியிலும், பலகையைக் கட்டிலுக்கு அடியிலும் வைப்பார். இருட்டில் நனைந்துகொண்டு மூன்று பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது இரண்டாம் பெட்டி: வெளியே விரிக்கும் பாய், கொசுவத்திச் சுருள், தீப்பெட்டி, விளக்கு, தேத்தூள், சீனி, கெட்டில், நான்கு குவளை. கெட்டில் சமையல் சாமான்தானே, ஏன் பாயோடு இருக்கிறது என்று மச்சான் மனைவி முதலில் கேட்டார். போர்ட்டிக்சன் கடற்கரையில் போய் நின்றதும் பெரியவர்கள் முதலில் கேட்பது தேத்தண்ணி. சோறாக்குவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான். ஆகவே தேத்தண்ணிக்கான சாமான் வேறு, சமையல் சாமான் வேறு.

படுக்கை விரிப்பு, தலையணை உறை, பல் துலக்குகிற சாமான், இரவு மருந்து மூன்றாவது. காலைப் பசியாறலுக்கு வேண்டியது நான்காவது. இப்படிப் பிரித்துவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் திறந்திருக்கும். குறுகலான இடத்தில் ஆறு பேர் இருக்கும்போது இது பெரிய நிம்மதி.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் அத்தனை சின்ன இடத்தில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்து, எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, அதற்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். அரிசி, சீனி போன்றவற்றுக்குப் பெயர் எழுதிய சின்னச் சின்ன அலுமினிய இழுப்பறைகளைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தார். கிட்டத்தட்ட பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய சமையலறைக் கடைகளில் பார்ப்பதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்தாம். அழகுக்காக அடுக்கவில்லை, வேலையின் வரிசைக்காக அடுக்கினார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

இனி எடை. இதைத்தான் காணொளிகளில் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள்.

கிளம்பும் நாளில் மச்சானுக்கும் எனக்கும் நடக்கிற பேச்சு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். "எல்லாம் போயிருச்சி மச்சான், இன்னும் இடம் இருக்கு, அந்த மேசையையும் போட்டுருவமா?" என்பார். "இடம் இருக்கு மச்சான், எடைதான் மிச்சமில்ல" என்பேன். ஒவ்வொரு கேரவனுக்கும் செய்தவர் ஓர் உச்ச எடை குறித்திருப்பார். காலி வண்டியின் எடையை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் நம் சாமானுக்கு. பழைய சிறிய வண்டிகளில் அந்த மிச்சம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. கூடாரம், பேட்டரி, காஸ் தோம்பு (சிலிண்டர்) ஆகியவையே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

தண்ணீரைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. நாற்பது லிட்டர் தொட்டியை நிரப்பினால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை உள்ளே உட்கார வைத்து இழுப்பதற்குச் சமம். நம் நாட்டில் போகிற இடத்தில் பெரும்பாலும் குழாய் இருக்கிறது. தொட்டியைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம், வழிக்குக் குடிதண்ணீர் மட்டும் காரில் இருந்தால் போதும். காஸும் இப்படித்தான். வீட்டுக்கு வாங்குகிற 14 கிலோ தோம்பில் 14 என்பது உள்ளே இருக்கும் காஸின் எடை மட்டும். இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மொத்த எடை சந்தேகமாக இருந்தால் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதே நல்லது. செம்பனை ஆலைகளிலும் பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் லோரியை நிறுக்கிற மேடை இருக்கும். தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கூட்டம் இல்லாத நேரத்தில் ஏற்றி இறக்க விடுவார்.

எத்தனை கிலோ என்பதோடு, எங்கே என்பதும் முக்கியம். கொள்கலனில் ஏற்றும்போது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்: நீளத்தில் ஒரு பாதியில் மட்டும் 60 விழுக்காட்டுக்கு மேல் எடை குவியக் கூடாது, கனமானது அடியில், இடையில் வெற்றிடம் விடக் கூடாது. கேரவனுக்கு இன்னும் ஒன்று கூடுகிறது, சக்கரம். கனமானவை சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். பின்னால் எடை கூடினால் காரோடு மாட்டும் முன்பக்கக் கொக்கி மேலே தூக்கும், வண்டி வாலை ஆட்ட ஆரம்பிக்கும். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா தாண்டி இறங்கும்போது ஒரு விரைவுப் பேருந்து பக்கத்தில் உரசுகிற மாதிரிப் போகும், அதன் காற்று வண்டியைத் தள்ளும். சரியாக அடுக்கிய வண்டி ஒரு முறை அசைந்து நிற்கும். பின்கனமான வண்டி அசைவைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். அப்போது ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பினால் நிலைமை மோசமாகும். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுவதுதான் வழி.

கொக்கியில் எவ்வளவு எடை இறங்க வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். பிரிட்டனில் ஏற்றிய எடையில் 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 என்பார்கள். ஆயிரம் கிலோ வண்டிக்கு ஒன்றில் 50, 70 கிலோ, இன்னொன்றில் 100, 150 கிலோ. அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு பிரிட்டிஷ் வண்டியில் முன்னால் கனத்தை ஏற்றினால் இழுக்கிற காரின் பின்பக்கம் குனிந்துவிடும். உங்கள் வண்டியிலும் காரின் கொக்கியிலும் குறித்திருக்கும் அளவையே பாருங்கள். அளக்க எளிய வழி குளியலறையில் நாம் ஏறி நிற்கிற எடைக்கருவிதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, கொக்கிக்கு அடியில் ஒரு கட்டையை நிறுத்தி, கட்டையின் கீழே எடைக்கருவியை வைக்க வேண்டும். இழுக்கும்போது கொக்கி இருக்கும் அதே உயரத்தில் வண்டி மட்டமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். மச்சானுக்கு இந்தக் காட்சி பெரிய வேடிக்கை. இறங்குங்க, இப்ப வண்டியோட எடையைப் பார்க்கணும் என்று மனைவியிடமிருந்து கருவியை வாங்கிக்கொண்டு போவார்.

இப்போது லெசுங் பத்து என்கிற கல் உரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மனைவிக்கு மிக்சியில் அரைத்த சம்பால் ஆகாது. மிளகாயும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் கல்லில் இடிபட வேண்டும். வீட்டில் இருக்கிற கல் உரல் நல்ல கனம். சமையல் சாமானோடு சமையல் அடுப்புப் பக்கம் வைத்தால் வண்டியின் ஒரு மூலையில் அத்தனை எடையும் உட்கார்ந்திருக்கும், ஒரு பள்ளத்தில் இறங்கினால் அலமாரிக் கதவை உடைத்துக்கொண்டு வரும். அதனால் உரல் இருக்கைக்கு அடியில், அச்சுக்கு மேலே, பழைய கைலியில் சுற்றித் தரையில் இருக்கும். அதன் பக்கத்தில் கருவிப் பெட்டி, பேட்டரி, அரிசி. பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றியதில் நல்ல லாபம். அதே 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுக்கு ஈயப் பேட்டரியின் பாதி எடைகூட இல்லை. ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரத்தை இழுத்தால் அதன் ஆயுள் குறையும், லித்தியத்தில் ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம்.

தலைக்கு மேல் இருக்கும் அலமாரிகளில் துணி, டிஷ்யூ, முறுக்கு, மரவள்ளிக் கிழங்கு வறுவல் மட்டும். இவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது காற்றழுத்தம் குறையக் குறைய வறுவல் பொட்டலங்கள் உப்பிக்கொண்டே வரும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கீழே இறுக்கி அடைத்த அலமாரியை மேலே போய்த் திறந்தால் எல்லாம் முகத்தில் விழும். மலைக்குப் போகும்போது அந்த அலமாரியில் கொஞ்சம் இடம் விடுவது நல்லது.

தட்டு, சட்டி எல்லாம் எவர்சில்வர். ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி அடுக்கி, நடுநடுவே பழைய கைலித் துண்டு போட்டால் சத்தம் வராது, கீறல் விழாது, அந்தத் துண்டே அப்புறம் பிடிதுணியும் ஆகும். அரிசி, பருப்பு, மாவு எல்லாம் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலில். நன்றாகக் காயவைத்து நிரப்பினால் ஒன்றில் ஒரு கிலோவுக்கு மேல் அரிசி பிடிக்கும். எறும்பும் வண்டும் நுழையாது. காலியானதும் நசுக்கிவிட்டால் அது அடைத்த இடம் மிச்சமாகும். அழகான ஒரே அளவு டப்பாக்களில் இந்த வசதி இல்லை, காலியானாலும் அதே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அஞ்சறைப் பெட்டியை வண்டிக்குக் கொண்டு வரவே வேண்டாம். அதன் மூடி அடுப்பங்கரைக்குச் செய்தது, தாப்பா மலைப்பாதையின் வளைவுகளுக்கு இல்லை. மஞ்சளும் மிளகாய்த்தூளும் திருகுமூடிப் போத்தல்களில் வரட்டும்.

பெட்டி வாங்கும் கட்டத்துக்கு வந்தால் என் கருத்து இது. கீழே தரையில் இருக்கும் கனமான சாமானுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே இருப்பது தெரிகிற நிறத்தில். மேல் அலமாரிகளுக்குத் துணிப்பைதான். கேரவனின் சுவர் வளைந்திருக்கும், சதுரப் பெட்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரு சாண் வீணாகும். துணிப்பை அந்த வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதிரிக்கு முதல் பயணத்தில் பழைய அட்டைப்பெட்டிகளையே வைத்துக் கொண்டுபோங்கள். எது தொட்டது, எது தொடாமல் திரும்பியது என்று தெரிந்த பிறகு அளவு எடுத்து வாங்கலாம்.

காற்றின் ஈரம் பற்றி நான் பார்த்த வெளிநாட்டுக் காணொளிகளில் அதிகம் இருக்காது. குளிர் நாட்டுக்காரர்களுக்குப் பனிக்காலம்தான் பெரிய கவலை, குழாயில் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்குப் பூஞ்சணம். பூட்டி வைத்த வண்டி பகலில் வெயிலில் வேகும், சாயங்காலம் மழை, இரவில் சுவரில் நீர் கோக்கும். இருக்கை மெத்தையின் அடிப்பக்கமும் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பலகையும்தான் முதலில் கறுக்கும். வண்டி வீட்டில் நிற்கும்போது நாங்கள் மெத்தைகளை நிமிர்த்திச் சுவரிலிருந்து தள்ளி வைத்துவிடுவோம். அலமாரிக் கதவு எல்லாவற்றையும் திறந்து ஒரு துணியைச் செருகி மூடாமல் வைப்போம். பெட்டிகளை மூடியோடு விடுவதில்லை. மெத்தைக்கு அடியில் பலகையோடு ஒட்டாமல் மரச்சட்டங்கள் இருந்தால் காற்று ஓடும்.

ஈரம் உறிஞ்சும் டப்பா கடைகளில் விற்கிறார்கள், உள்ளே கால்சியம் குளோரைடு. நன்றாக உறிஞ்சும். கொஞ்ச நாளில் அடியில் தண்ணீர் சேரும். வண்டியை நகர்த்துவதற்கு முன் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். சாய்ந்து கொட்டினால் உப்புத் தண்ணீர்தான், இரும்பு ஆணியையும் மரத்தையும் அரிக்கும். பாச்சை உருண்டை எனக்குப் பிடிக்காது, தூங்குகிற இடத்தில் அந்த வாடை வேண்டாம்.

நனைந்த சாமானுக்கு முதலிலேயே ஓர் இடம் ஒதுக்க வேண்டும். செராத்திங் கடற்கரையிலிருந்து திரும்பும் காலையில் ஈரத்துண்டு, மணல் ஒட்டிய செருப்பு, நனைந்த கூடாரம், பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் வந்து சேரும். காய்ந்த துணி வந்த பெட்டியில் ஈரத்துணி போகக் கூடாது. எங்கள் வண்டியில் ஒரு சின்னக் குளியல் அறை இருக்கிறது, ஆள் நிற்கத்தான் இடம். ஓடும்போது அதுதான் ஈர அறை. மூடிபோட்ட பெரிய வாளி இரண்டு, ஒன்று துணிக்கு, ஒன்று செருப்புக்கு. கூடாரம் தரையிலேயே கிடக்கும், தண்ணீர் வடிகால் வழியாகப் போய்விடும். அந்த அறையில் சாமான் அடைக்கலாமே என்று யாராவது ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். போகும்போது அடைக்கலாம். திரும்பும்போது அது காலியாக இருக்க வேண்டும். அதனால் அங்கே வைப்பது சாப்பிட்டுத் தீர்ந்துபோகும் சாமான் மட்டும்.

காஸ் வைக்கிற பெட்டி பற்றி ஒரு வார்த்தை. அதன் தரையில் ஓட்டை இருக்கும். காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே தங்கும், அந்த ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். அந்த இடத்தில் கயிறு, சாக்கு, பழைய துணி என்று அடைத்து ஓட்டையை மூடிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மடக்கு அடுப்புக்குப் போடுகிற சின்ன காஸ் டப்பாக்களை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். மூடிய வண்டி அந்தச் சூட்டை எளிதில் தொடும்.

திரும்பி வந்ததும் வண்டியில் தங்குவது எது, வீட்டுக்கு இறங்குவது எது என்று தெளிவாக இருந்தால் அடுத்த பயணத்துக்குப் பாதி வேலை முடிந்தது. இறங்குவன: காஸ் டப்பா, மருந்து, அரிசி பருப்பு, டார்ச்லைட் பேட்டரி, தலையணை. மருந்துகளில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டியவை. எண்ணெய், கடலை எல்லாம் சூட்டில் சிக்குவாடை அடிக்கும். தங்குவன: முதல் பெட்டி முழுவதும், எவர்சில்வர் சட்டிகள், பாய், வாளி. உரல் என் மனைவியோடு வீட்டுக்கு வந்துவிடும்.

இப்போது மச்சானுக்குக் கேரவன் கூரையில் ஒரு பெட்டி பொருத்த ஆசை. சைக்கிள், மேசை, கூடாரம் எல்லாம் மேலே போய்விடும் என்கிறார். அந்தக் கூரை மரச்சட்டத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு. ஒவ்வொரு திருகாணியும் மழை இறங்குகிற ஒரு வழி. எடையும் இருக்கிற உயரத்திலேயே மேலான இடத்துக்குப் போகிறது. ஹைலக்ஸின் பின்தட்டுக்கு ஒரு மூடி போட்டு மேசையையும் கூடாரத்தையும் அங்கே ஏற்றலாம், கொக்கியில் இறங்கும் எடையோடு அதையும் சேர்த்துப் ஹைலக்ஸின் பின்சக்கர அச்சின் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். சைக்கிள் வேண்டாம், பிள்ளைகள் போன முறையும் அதைத் தொடவில்லை. மூடிக்கு விலை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.